கோரைமூலைக்கு மூச்சு வந்த ஆடி

கோரைமூலை கிராமத்தில் வயல் மூச்சு முதன்முதலாக வீடு தேடி வந்தது ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில். அன்று தையல்நாயகி வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அவள் புருசன் உத்திராபதி வயலில் தண்ணீர் பார்த்துவிட்டு வாய்க்கால் கரையோடு திரும்பி வந்தான், அவனுக்குப் பின்னால் அதுவும் வந்தது. தண்ணீர் கட்டி நிற்கும் நடவு வயலில் கால் வைத்தால் சேற்றுக்குள்ளிருந்து புளுக் புளுக்கென்று கொப்புளம் கிளம்பி, உடைந்து, காற்றோடு கலந்து போகுமே, அந்த மூச்சுதான். காலங்காலமாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது அன்று என்ன நினைத்ததோ, போகவில்லை. மேய்ச்சல் முடிந்த மாடு மாதிரி தெருவோடு நடந்து, வாசலில் கொஞ்சம் தயங்கி, நிலைப்படியில் முட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, மேலே போய்த் தளத்துக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. அதற்கு உருவம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அது இருக்கிற இடம் தெரியும்: அங்கே சுவர் லேசாக நெளியும், அழுகின வைக்கோல் வாசம் அடிக்கும், கையை நீட்டினால் கன்றுக்குட்டியின் வயிற்றைத் தொட்டது போல வெதுவெதுப்பாக இருக்கும்.

"என்னத்தக் கூட்டிட்டு வந்துருக்கீங்க?" என்றாள் தையல்நாயகி.

"நான் எங்க கூட்டியாந்தேன், அதுவா வந்துச்சு," என்று சொல்லிவிட்டு உத்திராபதி கால் கழுவப் போனான்.

சாப்பிட உட்கார்ந்தபோது இருவரும் ஒருதரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

தெற்குத்தெருவில் அது அவர்கள் வீட்டுக்கு மட்டும்தான் வந்தது. அந்தத் தெருவில் மற்ற எல்லோரும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள், சொந்தமாகவோ குத்தகையாகவோ கையகல நிலம் கிடையாது. தையல்நாயகியும் தலை நரைக்கும் வரை அப்படித்தான் இருந்தாள். போன தையில்தான், வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில், கோயில் நிலம் மூணு மா, ஒரு ஏக்கர் போல, அவர்கள் குத்தகைக்கு வந்தது. அதுவரை உழுதவர் பிள்ளையோடு திருப்பூருக்குப் போய்விட்டார். ஊர் முழுக்க நட்ட கை அதற்கப்புறம்தான் தனக்கென்று முதல் நாற்றை ஊன்றியது. அதனால் தெருவிலேயே தன் வீட்டுக்கு மட்டும் மூச்சு வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. "சன்னலத் தொறந்து வச்சாலும் போவ மாட்டேங்குது," என்று அக்கம்பக்கத்தில் குறை சொல்வது போலச் சொன்னாள்.

மேலத்தெருவிலும் வடக்குத்தெருவிலும் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. நிலம் எவ்வளவோ மூச்சு அவ்வளவு. வாய்க்கால் தொடங்குகிற தலைமடை முழுக்க வைத்திருந்த ராஜாக்கண்ணு வீட்டில் கூடத்தை அடைத்துக்கொண்டு, யானை படுத்த மாதிரி கிடந்தது. முதல் வாரம் ஊர் அதைப் பற்றியே பேசியது, இரண்டாவது வாரம் பழகிக்கொண்டது. ஒரு வீட்டில் அடுப்புப் பற்றவைத்த குச்சியை அவசரத்தில் உயரத் தூக்க, மூச்சின் ஓரம் நீலமாகப் பற்றி எரிந்தது; அதிலிருந்து பெண்கள் அதைத் துடைப்பக்கட்டையால் மெல்ல அடுப்பு வரைக்கும் இழுத்து வந்து சோறு வடித்தார்கள், காஸ் சிலிண்டர் வண்டிக்காரன் தெருவில் மணி அடித்துவிட்டுச் சும்மா போனான். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்குமுன் அண்ணாந்து பார்த்தார்கள். கோயில் குருக்கள் ஒரு நாள் பூரண கும்பம் வைத்துச் சன்னிதிக்கு அழைத்தார். கோயிலுக்கு எவ்வளவோ நிலம் இருந்தும் அது உள்ளே வரவில்லை, பிரகாரத்தைச் சுற்றிவிட்டுக் குத்தகைக்காரர்கள் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று. "நெலம் சாமிக்கு, மூச்சு உழுதவனுக்கா?" என்று உத்திராபதி சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

ஆடிக் காற்று நின்று ஆவணி பிறந்ததும் சூடு ஏறியது. மூச்சு போகவே இல்லை, வயலில் தண்ணீர் நிற்க நிற்க வந்துகொண்டே இருந்தது, வந்தது முன்பு வந்ததோடு சேர்ந்து கனத்தது. வீடுகளுக்குள் வெண்ணெய் உருகி ஓடியது, மாவு அரைத்த அரைமணியில் புளித்தது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் சுருண்டது, பல்லிகள் வெளியேறி வேலியில் குடியிருந்தன. நிலம் உள்ளவர்களால் வீட்டில் கண்மூட முடியவில்லை. மூச்சில்லாத வீடுகள் தெற்குத்தெருவில்தான் இருந்தன, எனவே மேலத்தெருக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு தெற்குத்தெருவுக்கு வந்து அங்கே படுக்க ஆரம்பித்தார்கள். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு தெருமுனையில், பிறகு வாசல்களில், பிறகு வீட்டை ஒட்டிய சார்ப்புக்குள். அதுநாள் வரை அந்தத் தெருவில் கை நனைக்காதவர்கள் விடிந்ததும் பானைத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். சிலர் குடிக்கிற செம்பை மட்டும் மறக்காமல் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். தன் சார்ப்பில் ராஜாக்கண்ணுவின் மனைவி வேதவல்லி ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்து ஒருத்தி, "நம்ம வீட்டுக்கு விருந்தாளி வரதுக்கு ஊரே வேவணும் போல," என்றாள், அதோடு சரி.

தையல்நாயகி வீடு மட்டும் அந்தத் தெருவில் வெந்தது. அவள் மகள் கமலவேணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். மூச்சுக்கு அந்தப் பெண்ணை ஏனோ பிடித்துப்போயிற்று. அவள் படுத்தால் தளத்திலிருந்து இறங்கி வந்து, குளிர்கால நாய் மாதிரி, அவள் வயிற்றின் மேல் சுருண்டுகொள்ளும். விசிறினால் விலகும், விசிறி நின்றால் திரும்ப வரும். பக்கத்து வீட்டில் படுக்கவைத்தார்கள், அங்கும் தேடிக்கொண்டு போனது. கமலவேணிக்கு உதடு வெடித்தது, கால் வீங்கியது. ஒருநாள் மத்தியானம் அவள் சொன்னாள், "எம்மா, காலையிலேருந்து உள்ள அசையவே இல்ல."

தையல்நாயகி மகளின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு ஒன்று அசைந்தது, சோம்பலாக, தூக்கத்தில் புரள்வது போல. ஊர் நர்சம்மா வந்து பார்த்து, "புள்ளைக்கு நாடி குறைச்சலா இருக்கு. இந்தச் சூட்டுல வச்சிருக்காதீங்க, எங்கயாச்சும் குளிர்ச்சியான எடத்துக்குக் கூட்டிப் போங்க," என்றாள். மாப்பிள்ளை ஊருக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் பாதி வழியில் மூச்சு பின்படியில் ஏறி வந்து கமலவேணியின் மடியில் உட்கார்ந்தது. கண்டக்டர் இறக்கிவிட்டுவிட்டான்.

அந்த வாரத்தில்தான் கடைமடை வயலின் மூலையில் ஒரு நண்டு வளை வைத்தது. வரப்பை ஊடுருவிப் போன வளை வழியாகத் தண்ணீர் வடிகாலில் இறங்கிவிட, மூலையில் ஒரு பாய் அகலத்துக்குச் சேறு தெரிந்து, காய்ந்து, மயிரிழை போலக் கீறல் விட்டது. மூச்சு அன்று மாலை கொஞ்சம் இளைத்துப்போய் வந்தது. தையல்நாயகி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போய், தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கால், காய்ந்த இடத்தில் ஒரு கால் வைத்து மிதித்தாள். தண்ணீரில் புளுக் புளுக்கென்று கிளம்பியது. காய்ந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மண் வாயை மூடிக்கொண்டிருந்தது, பயிர் மட்டும் பக்கத்துப் பயிரைப் போலவே பச்சையாக நின்றது.

உத்திராபதி மண்வெட்டியோடு வளையை அடைக்க வந்தான். "அடைக்காதீங்க," என்றாள்.

"ஏன்?"

"வயல்ல தண்ணி நிக்கிற வரைக்கும் மூச்சு வந்துகிட்டேதான் இருக்கும். வடிய விட்டுட்டா நின்னுரும். வேர் காஞ்சிறாம பாத்துகிட்டு, திரும்பக் கட்டிக்கலாம்."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டியே கடைமடையில் வளர்ந்தவன் அவன். ஒரு கோடையில் தண்ணீர் முறைச் சண்டையில் அவன் அண்ணன் வாய்க்காலிலேயே வெட்டுப்பட்டு விழுந்ததை மதகு மேலிருந்து பார்த்தவன். தூக்கத்தில்கூட அவன் கை மடை திறக்கிற மாதிரி அசையும்.

"இஞ்ச பாரு தையலு. மேல உள்ளவன் எல்லாம் குடிச்சி மிச்சம் வுட்டாத்தான் நமக்கு. வந்த தண்ணிய வெளிய வுடுன்னு சொல்றியே, திரும்ப வரும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"அவ வயித்துல காத வச்சிப் பாத்தீங்களா நீங்க?"

அவள் மண்வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, வடிகால் பக்கத்து வரப்பை வெட்டினாள். தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு வேகமாக, பாசியும் நத்தையுமாக வெளியே ஓடியது. உத்திராபதி அது வடிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான், பிறகு திரும்பி நடந்தான். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினான். சோறு போட்டால் சாப்பிட்டான், எதிரில் வந்தால் ஒதுங்கினான்.

வயல் காயக் காய வீட்டில் மூச்சு இளைத்தது. ஆடு அளவு, கோழி அளவு. கடைசியில் குஞ்சளவு ஒன்று மட்டும் உத்திரத்து மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கமலவேணி இரண்டு நாள் அசந்து தூங்கினாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. தையல்நாயகி மகளின் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டிருந்த சாயங்காலம், வாசலில் வெயில் நெளிந்த மாதிரி இருந்தது, நிமிர்ந்தாள். தெருவோடு ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர்களுடையது இல்லை, பெரியது, தெருவின் இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டு வந்தது. தன் வீட்டில் இடம் போதாமல், மூச்சு இருந்து காலியான வீட்டைத் தேடி வந்திருந்தது. நிலைப்படியில் குனிந்து, மெதுவாக உள்ளே நுழைந்து, வீட்டை அடைத்துக்கொண்டு, நேராகக் கமலவேணியின் மேல் இறங்கியது.

தையல்நாயகி அன்றுதான் அழுதாள். வடியவிட்டது வீணாய்ப் போயிற்று என்பதற்கு மட்டும் இல்லை. இனி எத்தனை வயல் காய்ந்தாலும் எவன் வயல் மூச்சாவது வந்து உட்காரும் என்று தெரிந்துவிட்டதற்கு. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, முறத்தை எடுத்தாள். அடுத்தவர் மாடு கொல்லையில் புகுந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். முறத்தால் விசிறி விசிறி அதை வெளியே தள்ளி, தெருவோடு ஓட்டிக்கொண்டு போனாள். அது சண்டித்தனம் பண்ணியது, குளத்தங்கரையில் படுத்துக்கொண்டது, எழுப்பினாள். தெற்குத்தெரு வாசலுக்கு வந்து பார்த்தது. வேதவல்லி பாயை வைத்துவிட்டுக் கூடவே நடந்தாள். வடக்குத்தெரு தாண்டி, மேலத்தெருவில் ராஜாக்கண்ணு வீட்டு வாசலில் அதை நிறுத்தித் தையல்நாயகி கூப்பிட்டாள்.

"அய்யா, ஒங்க மூச்சு எங்க வீட்டுக்கு வந்துட்டு. ஓட்டியாந்துருக்கேன்."

ராஜாக்கண்ணு வெளியே வந்தார். விளக்கேற்றும்போது கூடத்து மூச்சு தீப்பற்றி அவருக்குப் புருவம் பொசுங்கியிருந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அவர் மட்டும்தான், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"என்னோடதுன்னு எப்படிச் சொல்ற?"

"ஒங்க வயல்ல நான் எத்தன வருசம் நட்டுருக்கேன். வாசம் தெரியாதாய்யா."

அவர் மறுக்கவில்லை. "கட்டிப்போடவா முடியும் இத? நான் என்ன பண்ணணுங்கிற?"

"வயல வடிய வுடுங்க. லேசா வெடிக்கற வரைக்கும் காயட்டும், அப்பறம் ரெண்டு வெரக்கட தண்ணி கட்டுங்க, திரும்பக் காய வுடுங்க. நீங்க காயற நாள்ல நடுமடைக்குப் பாயட்டும், அவங்க காயறப்ப எங்களுக்கு."

"காய வுட்டுட்டு ஆத்துல தண்ணி நின்னுபோச்சின்னா? தண்ணி நிக்கிற வயலுக்குத்தான் ஊர்ல மருவாதி. எங்கப்பா மடையில படுத்துக் காவல் காத்த தண்ணி அது. திரும்ப வரும்னு நீ சொல்லுவியா தையலு?"

கூடியிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவள், "சொல்ல முடியாதுய்யா," என்றாள். "ஆத்துல வந்தா, ஒங்க மடையத் தாண்டி எங்களுக்கு வரும்னு நீங்கதான் சொல்லணும். என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. எம்பொண்ணு வயித்துல புள்ள இருக்கு, அத மட்டுந்தான் சொல்ல முடியும்."

வேதவல்லிதான் படியேறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியக் கட்டிகிட்டு நீங்களே இருங்க. நான் தெக்குத்தெருச் சார்ப்புலயே கெடக்கறேன், சாவறவரைக்கும்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவரை அசைத்ததா, புருவ எரிச்சலா, வாசலில் படுத்துக்கிடந்த அந்தப் பெரிய மூச்சா, தெரியாது. மறுநாள் தலைமடை வடிந்தது. தலைமடை வடிந்ததைப் பார்த்து நடுமடையும், சிலர் மனசில்லாமல், சிலர் பக்கத்து வயல்காரன் வடித்தானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, வடித்தார்கள். ஊர் வீடுகளில் மூச்சு இளைத்தது. பாய்கள் மேலத்தெருவுக்குத் திரும்பிப் போயின. போனவர்களில் பாதிப் பேர் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். வெயில் பட்ட வயலில் களை மண்டியது, அதைப் பறிக்கத் தெற்குத்தெருப் பெண்கள் விடியலிலேயே கிளம்பினார்கள்.

ஆற்றில் தண்ணீர் வராமல் நின்றுபோனது அதற்குப் பிறகுதான். அணையில் இல்லை என்றார்கள், முறை மாற்றம் என்றார்கள், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்றார்கள். மயிரிழையாக இருந்த வெடிப்பு நூல் கனமாகி, விரல் நுழைகிற மாதிரி ஆனது. பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டுகிற நேரம். பொதியில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் பதராகப் போகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தையல்நாயகி டீக்கடை வழியாகப் போனால் பேச்சு நின்றது. ஒருவன் முகத்துக்கு நேரே, "ஒம்பேச்சக் கேட்டு ஊரே வாயில மண்ணு," என்றான். உத்திராபதி மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை வரப்பில் உட்கார்ந்து வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சோற்றைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். நான் சொன்னது தப்பாக இருந்தால், என்று நினைப்பு ஓடும்; அந்த வாக்கியத்தை அவள் முடித்ததே இல்லை.

அப்படி ஒருநாள் காலையில் கமலவேணிக்கு மாதம் நிறையும் முன்பே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது, பெண், முழங்கை நீளம்கூட இல்லை. நர்சம்மா காலைப் பிடித்துத் தட்டினாள், அழவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைக்குமா என்று தையல்நாயகி கேட்டாள். "மூச்சு விடுது, பாப்போம்," என்றார் டாக்டர்.

பேத்தி பிறந்ததைப் புருசனிடம் சொல்ல அவள் வயலுக்கு நடந்தாள். மதகுப் பக்கம் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது, கலங்கலாக, நுரை தள்ளிக்கொண்டு. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. எல்லோரும் பார்த்தது தலைமடையை. ராஜாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் மடையில் நின்றார். அவர் வயல் குடித்தது, வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் தூரத்துக்குக் கேட்டது. வயல் நிறையத் தொடங்கியது, அவர் குனியவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது, குனியவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவன் கையிலிருந்த அரிவாளை மாற்றிப் பிடித்தான். அப்போது அவர் குனிந்து, மண்ணை வெட்டி மடையை அடைத்தார். தண்ணீர் ஒரு சுழல் சுழன்று, நடுமடைக்குத் திரும்பியது.

கடைமடைக்கு அது வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உத்திராபதி வரப்பில் நின்றிருந்தான். தண்ணீர் ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு வந்தது, காய்ந்த மண் உஸ்ஸென்றது, பயிரின் அடி நனைந்தது, ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. தையல்நாயகி வாய்க்கால் கரையிலேயே நின்றுவிட்டாள். அவன் மண்வெட்டியை எடுக்கவில்லை. அவன் முதுகு அவளுக்குத் தெரிந்தது: பிறந்ததிலிருந்து வந்த தண்ணீரைப் பிடித்துவைத்தே வாழ்ந்த முதுகு; இன்னும் வரட்டும், முழங்கால் வரைக்கும் வரட்டும், நாளைக்கு யார் கண்டது என்று சொல்லுகிற முதுகு. அவள் கூப்பிடவில்லை. மேற்கே ரோட்டோடு, வேறு ஊர்களின் மூச்சுகள், பெரிதும் சிறிதுமாக, கோரைமூலையின் எல்லைக்கல் அருகே வந்து மந்தையாக நின்றன. அந்த ஊர்களில் இன்னும் தண்ணீர் கட்டி நின்றது.

உத்திராபதி ஒருதரம் அவற்றைப் பார்த்தான், ஒருதரம் வயலைப் பார்த்தான். பிறகு மண்வெட்டியை ஓங்கினான். மண் சரிந்து மடையில் விழுந்தது. அதை மிதித்து இறுக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சத்தமாக.

அவள் வரப்பில் ஏறிப் பக்கத்தில் போனாள். "பொட்டப்புள்ள," என்றாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் அவளிடம் பேசினான்.

"மூச்சு விடுதா?"

"விடுது."